வேப்பிலை கட்டுவதற்கு முன்பே கடந்துபோன இரண்டு நாட்கள்

கேள்வி: மூன்றாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு நேற்று, செவ்வாய்க்கிழமை காலை, அம்மை போட்டிருப்பதைப் பார்த்தோம். வாசலில் வேப்பிலை கட்டிவிட்டோம். அவனுக்குத் தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனி. வீட்டில் மூன்று வயது மகள், என் கணவர், மாமியார், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் நாத்தனார் (எட்டாம் மாதம்) இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு வராமல் இருக்க இது போதுமா? நாத்தனாரை அவர் மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடலாமா?

பதில்:

உங்கள் நாத்தனாருக்குப் பிரசவம் பார்க்கும் மருத்துவரை முதலில் தொலைபேசியில் அழையுங்கள். இந்தப் பதிலின் மீதியை அதற்குப் பிறகு படிக்கலாம். "வீட்டில் குழந்தைக்குச் சின்னம்மை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் அவனோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், எனக்கு முன்பு அம்மை வந்ததாக நினைவில்லை" என்று அவரே சொல்லட்டும். நேராகக் கிளம்பி மருத்துவமனைக்குப் போய் மற்ற கர்ப்பிணிகளோடு வரிசையில் உட்கார வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

குழந்தைகள் மருத்துவராக நீண்ட காலம் இருந்துவிட்டேன். மாசி, பங்குனி வந்தாலே இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வந்துவிடும். கேட்பவர்கள் எல்லோருமே உங்களைப் போலக் கவனமானவர்கள்தான். வேப்பிலை கட்டியிருப்பார்கள், தட்டைப் பிரித்திருப்பார்கள், வீட்டில் தாளிப்பதைக்கூட நிறுத்தியிருப்பார்கள். அத்தனை கவனமும் ஒரே இடத்தில் தவறிப்போகிறது: எல்லாம் கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் தொடங்குகிறது. சின்னம்மையோ கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். உங்கள் மகன் ஞாயிற்றுக்கிழமை தங்கையோடு ஒரே போர்வைக்குள் விளையாடியிருப்பான். திங்கட்கிழமை பள்ளிக்குப் போயிருப்பான். அத்தையின் வயிற்றில் காதை வைத்துப் பாப்பா உதைக்கிறதா என்று கேட்டிருப்பான். அப்போதெல்லாம் அவன் மூச்சில் கிருமி இருந்திருக்கிறது. உடலில் ஒரு புள்ளிகூட இல்லை.

நம் வீட்டு வழக்கங்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் இது புரியும். அவை பெரும்பாலும் பெரியம்மைக் காலத்தில் உருவானவை. பெரியம்மை வேறு வைரஸ், வேறு குணம். அது வந்தவர் காய்ச்சலில் விழுந்து, வாயிலும் தோலிலும் புண் தோன்றத் தொடங்கும்போதுதான் மற்றவர்களுக்குப் பரவும். அதற்கு முன் நடமாடிக்கொண்டிருந்த நாட்களில் அவரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஆகவே முத்தைப் பார்த்ததும் வாசலில் வேப்பிலை கட்டுவது, வெளியாரை உள்ளே விடாதது, வீட்டார் பிறர் வீட்டு விசேஷங்களுக்குப் போகாதது, ஏற்கெனவே அம்மை கண்டு தேறியவரை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்வது எல்லாம் அந்த நோய்க்குக் கச்சிதமாகப் பொருந்தின. உதிர்ந்த பொருக்கைக் கண்டு பயந்ததும் நியாயமே, பெரியம்மையில் காய்ந்த பொருக்குக்குள்ளும் கிருமி உயிரோடு இருந்தது. வைரஸ் என்ற சொல்லே இல்லாத காலத்தில் நம் பாட்டிமார்கள் தொற்றுநோயியலை இவ்வளவு தூரம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.

பெரியம்மை இந்தியாவில் கடைசியாகக் காணப்பட்டது 1975இல். உலகை விட்டே ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. நோய் போய்விட்டது, வழக்கம் நம்மிடம் நின்றுவிட்டது. அதைச் சின்னம்மைக்குப் பயன்படுத்தும்போது இரண்டு இடத்தில் பொருந்தாமல் போகிறது. சின்னம்மை, வேப்பிலை கட்டுவதற்கு முன்பே பரவிவிடுகிறது. நன்றாகக் காய்ந்த பொருக்கிலிருந்து பரவுவதில்லை. அதாவது நாம் பயப்படாத நாட்களில் ஆபத்து இருக்கிறது. நாம் மிகவும் பயப்படும் கடைசி நாட்களில் அது ஏறக்குறைய போய்விடுகிறது.

அப்படியானால் இனி ஒன்றும் செய்ய முடியாதா என்று மனம் தளர வேண்டாம். செய்ய முடியும், ஆனால் நாட்கணக்கு முக்கியம். உங்கள் வீட்டில் தினசரி கிழிக்கும் காலண்டர் இருந்தால் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தாளிலிருந்து எண்ணுங்கள். அன்று கிருமி உள்ளே போயிருந்தால், அடுத்தவருக்குக் கொப்புளம் வர பத்து முதல் இருபத்தொரு நாள் ஆகும். பெரும்பாலும் இரண்டு வாரத்தை ஒட்டி வரும். மகனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வேப்பிலையை அவிழ்த்து, அப்பாடா என்று உட்காரும் வாரத்தில்தான் மகளுக்குத் தொடங்கும். "அம்மா இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை, அடுத்தவள் மேல் இறங்கிவிட்டாள்" என்று பெரியவர்கள் சொல்வது இந்த இடைவெளியைத்தான்.

அந்த இடைவெளியே உங்களுக்குக் கிடைத்திருக்கும் வாய்ப்பு. சின்னம்மைத் தடுப்பூசியைத் தொற்று நேர்ந்த பிறகு போட்டாலும் வேலை செய்யும். மூன்று நாட்களுக்குள் போட்டால் பெரும்பாலும் நோயே வராது. ஐந்தாம் நாள் வரை போட்டாலும், வந்தால் இலேசாக வந்து போகும். உடலுக்குள் போன வைரஸ் மெதுவாகப் பெருகிக்கொண்டிருக்கும்போதே ஊசி எதிர்ப்பாற்றலை எழுப்பிவிடுகிறது. ஞாயிறு முதல் கணக்கிட்டால் உங்களுக்கு மூன்றாம் நாள் இன்று, புதன்கிழமை. அதனால்தான் இன்றே என்று அழுத்திச் சொல்கிறேன். நாளை, மறுநாள் ஆகிவிட்டாலும் விடாமல் போடுங்கள்.

யாருக்குப் போடுவது? ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்: "உனக்கு அம்மை வந்திருக்கிறதா? இந்த ஊசி போட்டிருக்கிறதா? எத்தனை தவணை?" மகளின் தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சின்னம்மை ஊசி இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் முறையாகப் போட்ட குழந்தைக்கும் இது விடுபட்டிருக்கும். அட்டையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி என்று எழுதியிருப்பதைப் பார்த்து "அம்மை ஊசி போட்டாயிற்று" என்று நினைப்பவர்கள் நிறைய. அது வேறு அம்மைக்கு. தனியார் மருத்துவமனையில் ஒரு தவணை இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வரும். இரண்டு தவணை தேவை. எல்லாக் குடும்பத்துக்கும் எளிதான தொகை இல்லை என்பது எனக்குத் தெரியும். இந்த ஊசி அரசுத் திட்டத்துக்குள் வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மகளுக்கு ஏற்கெனவே ஒரு தவணை போட்டிருந்தால், மூன்று மாதம் கடந்திருக்கும் பட்சத்தில் இரண்டாவதை இப்போதே போட்டுவிடுங்கள்.

அடுத்து உங்கள் கணவர். நீங்கள் எழுதிய வரிசையில் அவர் பெயருக்குச் சொல்லப்பட்டிருக்கிறார். பெரியவர்தானே, தாங்கிக்கொள்வார் என்று எல்லோரும் நினைக்கிறோம். இந்த நோயில் அது நேர்மாறு. குளிர் நாடுகளில் அநேகமாக எல்லோருக்கும் பள்ளிப் பருவத்திலேயே வந்து போய்விடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் வராமலேயே இருபது, முப்பது வயதைத் தொடுபவர்கள் அதிகம். அந்த வயதில் வந்தால் காய்ச்சலும் கொப்புளமும் கூடுதல், நுரையீரலில் இறங்கும் ஆபத்தும் கூடுதல்.

இதை நான் ஒரு வீட்டாரின் வேதனையில் கற்றேன். பல வருடங்களுக்கு முன், ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குச் சின்னம்மை பார்த்து, மருந்து எழுதி, கவலை வேண்டாம் என்று அனுப்பினேன். அழைத்து வந்தவர் அப்பா. குழந்தை அவர் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது, அரிப்பு. அவர் தன் சட்டைக் காலரால் மெதுவாக அதன் கன்னத்தை ஒற்றிக்கொண்டிருந்தார். "உங்களுக்கு வந்திருக்கிறதா?" என்று நான் கேட்கவில்லை. பதினைந்து நாள் கழித்து அவருக்கு வந்தது. நான்காம் நாள் மூச்சுவிட முடியாமல் மருத்துவமனைக்குப் போனார். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் திட்டுத் திட்டாக இருந்தது. ஆறு நாள் ஆக்சிஜனில் வைத்துத்தான் மீண்டார். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால், ஓர் ஊசியில் முடிந்திருக்கும். அன்றிலிருந்து அம்மை போட்ட குழந்தையைத் தொடுவதற்கு முன்பே, அழைத்து வந்தவரிடம் அதைக் கேட்டுவிடுகிறேன்.

ஆகவே கணவருக்கு வந்ததா என்று அவருடைய அம்மாவிடமே கேளுங்கள், மாமியார் வீட்டில்தானே இருக்கிறார். வரவில்லை, அல்லது நினைவில்லை என்றால் அவருக்கும் ஊசி. உங்களுக்கும் அப்படியே. நீங்களே கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டென்றால் ஊசிக்கு முன் சொல்லிவிட வேண்டும். உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி இது, கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்களுக்கும் போடக் கூடாது.

இந்த ஊசியும் ஒரு வீட்டிலிருந்துதான் தொடங்கியது. ஜப்பானிய மருத்துவர் மிச்சியாகி தகாஹாஷி 1964இல் ஆய்வுக்காக அமெரிக்காவில் தங்கியிருந்தபோது, அவருடைய மூன்று வயது மகனுக்குக் கடுமையான சின்னம்மை வந்தது. வைரஸ்களையே படித்துக்கொண்டிருந்த அப்பா, மகன் மூச்சுக்குத் திணறுவதைப் படுக்கையருகில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. ஊர் திரும்பி அவர் உருவாக்கிய ஊசியின் முதல் முடிவுகள் 1974இல் வெளிவந்தன. அவர் பயன்படுத்திய வைரஸ் ஓகா என்ற குடும்பப் பெயர் கொண்ட சிறுவனின் கொப்புளத்திலிருந்து எடுக்கப்பட்டது. இன்று பெரும்பாலான நாடுகளில் போடப்படும் ஊசியில் இருப்பது அந்த ஓகா வகைதான்.

இப்போது நாத்தனார் விஷயம். அவரைத் திருப்பி அனுப்புவது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் அவர் ஏற்கெனவே மூன்று நாள் அந்தக் காற்றைச் சுவாசித்துவிட்டார். ஒரே அறையில் கால் மணி நேரம் இருந்தாலே தொற்று நேர்ந்ததாகத்தான் எடுத்துக்கொள்வோம். உள்ளே கிருமி போயிருந்தால், எட்டாம் நாள் முதல் இருபத்தோராம் நாள் வரை அவரே மற்றவருக்குப் பரப்பக்கூடியவர். அந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம், இன்னொரு கர்ப்பிணி இருக்கலாம். மருத்துவமனை வரிசையில் உட்கார வேண்டாம் என்று சொன்னதும் இதனால்தான். முன்கூட்டிச் சொன்னால் தனியாக, கடைசியாகப் பார்ப்பார்கள்.

அவருக்கு வேண்டியது ஒரு இரத்தப் பரிசோதனை: சின்னம்மை எதிர்ப்பொருள் உடலில் இருக்கிறதா என்று. இருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம். சிறு வயதில் தெரியாமலே இலேசாக வந்து போனவர்கள் உண்டு, நல்ல பதில் வருவதற்கே வாய்ப்பு அதிகம். இல்லை என்று வந்தால், தொற்று நேர்ந்த பத்து நாட்களுக்குள் போடக்கூடிய தயார்நிலை எதிர்ப்பொருள் ஊசி ஒன்று இருக்கிறது. அது எல்லா ஊரிலும் உடனே கிடைக்காது, விலையும் அதிகம். தேடிப் பிடிக்க நாள் வேண்டும். கிடைக்காவிட்டால் வைரஸை அடக்கும் ஏசைக்ளோவிர் மாத்திரையை எப்போது தொடங்குவது என்று அவருடைய மருத்துவர் முடிவு செய்வார்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் நாட்கணக்குதான். கர்ப்பத்தின் முதல் இருபது வாரத்தில் வந்தால் குழந்தையின் உறுப்புகளைப் பாதிக்கும் சிறிய அபாயம் உண்டு. அந்தக் கட்டத்தை அவர் தாண்டிவிட்டார். எட்டாம் மாதத்தில் பயப்பட வேண்டியது இரண்டு. தாய்க்கு நிமோனியா. இன்னொன்று, இப்போது தொற்றியிருந்தால் கொப்புளம் வருவது இன்னும் இரண்டு, மூன்று வாரத்தில். பிரசவம் சற்று முந்திவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும். பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்னிருந்து இரண்டு நாள் பின்வரை தாய்க்கு அம்மை போட்டால், பிறக்கும் குழந்தை தாயின் எதிர்ப்பொருளைப் பெறாமல் கிருமியை மட்டும் பெற்றுவரும். அது உயிருக்கே ஆபத்தான நிலை.

பரிசோதனை முடிவு வரும்வரை அவர் மாடியிலோ கடைசி அறையிலோ, தனிக் கழிப்பறை இருந்தால் அதைப் பயன்படுத்திக்கொண்டு இருக்கட்டும். பையன் அந்தப் பக்கம் போகக் கூடாது. அவன் அழுவான், அவரும் அழுவார். ஒரு வாரம்தான், அலைபேசியில் முகம் பார்த்துக்கொள்ளட்டும்.

மகனைக் கவனிக்க உங்கள் மாமியாரே பொருத்தமானவர், அவருக்கு முன்பு வந்திருந்தால். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வருவது அபூர்வம். நெற்றியிலோ மூக்கின் ஓரத்திலோ பழைய குழித்தழும்பு இருந்தால் அது ஓர் அடையாளம், ஆனால் அதுவே சான்றிதழ் ஆகாது. ஆனால் அவர் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவராகவோ புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவராகவோ இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தட்டு, தம்ளர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தனியாக வைப்பதில் தவறில்லை, ஆனால் அதில் மனம் நிறைந்துவிடக் கூடாது. இந்த வைரஸுக்குப் பெரிய வழி காற்று. 1952இல் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற ஆங்கிலேயக் குடும்ப மருத்துவர், தம்மிடம் வந்த குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுத்து, அதுவரை வராதவர்கள் ஒரே வீட்டில் இருந்தால் நூற்றுக்கு 61 பேருக்குச் சின்னம்மை ஒட்டுகிறது என்று எழுதினார். பிந்தைய ஆய்வுகளில் அது நூற்றுக்குத் தொண்ணூறு வரைகூடப் போயிருக்கிறது. தட்டைப் பிரித்துவிட்டு, ஏ.சி. போட்ட ஒரே அறையில் நால்வரும் படுத்தால் பயனில்லை. மகன் படுக்கும் அறையின் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மின்விசிறிக் காற்று ஜன்னல் வழியாக வெளியே போகட்டும், கூடத்துக்கு வர வேண்டாம். "அம்மைக்குக் காற்று ஆகாது" என்று சாக்கைத் தொங்கவிட்டு அறையை அடைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். கழிப்பறைக்குப் போக வெளியே வரும்போது அவன் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். கொப்புள நீர் பட்ட துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும். இந்த வைரஸ் சோப்புக்கும் வெயிலுக்கும் தாங்காது.

அவனைக் குளிப்பாட்டுங்கள். மூன்றாம் தண்ணீர் வரை உடம்பில் நீரே படக் கூடாது என்று சொல்வார்கள். இந்த வெயிலில் வியர்வையோடும் அழுக்கோடும் சொறிந்தால் புண் சீழ் பிடிக்கும், தழும்பு விழும். வெதுவெதுப்பான நீரில் ஊற்றி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வேப்பிலை போட்ட நீராக இருந்தாலும் சரி. அரிக்கும் இடத்தில் கழுவிய வேப்பங்கொழுந்தால் வருடிவிடும் வழக்கம் எனக்குப் பிடிக்கும்; நகம் படாமல் அரிப்பு அடங்குகிறது. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, தூங்கும்போது கைக்குப் பழைய பருத்திக் காலுறையை மாட்டிவிடுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின் கூடவே கூடாது, ஐபுப்ரொஃபனும் வேண்டாம். சாப்பாட்டில் விலக்கு எதுவும் இல்லை. இளநீர், மோர், கஞ்சி, பருப்புச் சோறு, முட்டை, அவன் கேட்பதைக் கொடுங்கள். வாய்க்குள்ளும் கொப்புளம் இருக்கும், காரம் மட்டும் எரியும். மூச்சு வாங்கினாலோ, எழுப்ப எழுப்பத் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, நடை தள்ளாடினாலோ, ஒரு கொப்புளத்தைச் சுற்றிச் சிவந்து வீங்கிச் சூடாக இருந்தாலோ அன்றே காட்டுங்கள். ஊசிக்குப் பிறகும் வீட்டில் வேறு யாருக்காவது, குறிப்பாகப் பெரியவருக்கு, முதல் கொப்புளம் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஏசைக்ளோவிர் அந்த முதல் நாளில் தொடங்கினால்தான் முழுப் பலன்.

புதிய கொப்புளம் வருவது நின்று, எல்லாம் பொருக்காகக் காய்ந்துவிட்டால் அவன் யாருக்கும் பரப்ப மாட்டான். வழக்கமாக ஐந்து முதல் ஏழு நாள். பொருக்கு முழுவதும் உதிரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊசி போட முடியாமல் போனவர்கள் இருந்தால், அவன் காய்ந்த நாளிலிருந்து 21 நாள் காலண்டரில் குறித்துவையுங்கள். அந்த நாட்களில் அவர்கள் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும், காதுகுத்து, வளைகாப்பு போன்ற விசேஷங்களுக்கும் போக வேண்டாம்.

வீட்டில் தாத்தாவோ அண்டை வீட்டுப் பெரியவரோ அக்கி வந்து இடுப்பில் காவி எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அதையும் கவனியுங்கள். அக்கி என்பது சின்ன வயதில் வந்த இதே வைரஸ், நரம்பில் ஒளிந்திருந்து முதுமையில் எழுவது. அந்தக் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவருக்குச் சின்னம்மை வரும். பேரக்குழந்தைக்கு எங்கிருந்து ஒட்டியது என்று தெருவெல்லாம் தேடும் குடும்பங்களில், சில சமயம் பதில் திண்ணையிலேயே இருக்கும்.

கடைசியாக, பள்ளிக்குச் சொல்லிவிட்டீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. அம்மை வந்ததை வெளியில் சொல்லக் கூடாது என்று பல வீடுகளில் தயங்குகிறார்கள். சொன்னால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயம். வேப்பிலை கட்டியது தெருவுக்குச் சொன்னது. திங்கட்கிழமை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வீடு அந்தத் தெருவில் இல்லை. அவர்களுடைய வீட்டிலும் ஒரு எட்டாம் மாதக்காரி இருக்கலாம். வகுப்பாசிரியையே கர்ப்பமாக இருக்கலாம். அவர்களுக்கு மூன்றாம் நாள் நாளையோடு முடிகிறது. நாத்தனாரின் மருத்துவரிடம் பேசி முடித்ததும், அடுத்த அழைப்பு வகுப்பாசிரியைக்கு இருக்கட்டும்.